ஏட்டுச் சுரைக்காயும் சிங்ஹாவ் மூலிகையும்

பழைய நூல்களைக் கற்பதனால் இக்காலத்தில் என்ன பயன் விளையும் என்னும் வினா, தமிழ்த் துறையில் பணியாற்றுவோர் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் வினாவாகும். சென்ற ஆண்டு பகுதி ஒன்று தமிழ் வகுப்பில், தாவரவியல் பயிலும் மாணவர் ஒருவர் இதே வினாவைச் சற்றுக் குறும்புடன் எழுப்பினார். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா ஐயா?” என்றார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அவ்வினா வகுப்பறையோடு நின்றுவிடாமல் வீடு வரை நம்மைத் தொடர்ந்து வந்தது.

அதற்கு ஏற்ற விடையைச் சீன நாட்டு அறிவியலாளர் ஒருவரின் ஆராய்ச்சி வாழ்வில் நாம் கண்டோம். தூ யூயூ என்னும் அப்பெண்மணி, ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற மருத்துவ நூலொன்றின் சிறு குறிப்பைக் கூர்ந்து கற்று, அதனை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, மலேரியா நோய்க்குப் புதிய மருந்து கண்டவர். அதற்காக 2015ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு பெற்றவர். ஏட்டிலிருந்த மருந்து எவ்வாறு நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் பழைய மருந்துகளும்

மலேரியா, பிளாஸ்மோடியம் என்னும் நுண்ணிய ஒட்டுண்ணியால் உண்டாவது. பெண் அனாபிலிஸ் கொசு நோயாளியைக் கடிக்கும்போது அவ்வொட்டுண்ணியைத் தன்னுள் ஏற்கிறது. பின்னர் மற்றவரைக் கடிக்கும்போது அவர் உடலுள் செலுத்துகிறது. உட்புகுந்த ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் பெருகுகிறது. அடுத்து இரத்தச் சிவப்பணுக்களுள் நுழைந்து, அங்கும் பெருகி, அவற்றை உடைத்து வெளிப்படுகிறது. அணுக்கள் உடையும் வேளையில்தான் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் தோன்றுகின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் என முறைவைத்து வருவதனால் நம் முன்னோர் இத்தகைய காய்ச்சலை முறைக்காய்ச்சல் என்றனர். ஒட்டுண்ணி வகைகளுள் பால்சிபாரம் என்பது மிகக் கொடியது. மூளையைத் தாக்கிச் சில நாள்களில் உயிரைப் பறிக்கவும் வல்லது.

1880ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவரான் இவ்வொட்டுண்ணியை மனித இரத்தத்தில் கண்டார். 1897ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், அதனைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டார். உசேன் கான் என்னும் நோயாளியைக் கடிக்கவிட்ட கொசுக்களை அறுத்துப் பார்த்தே அவர் இதனை உணர்ந்தார். நோய் பரவும் வழி இவ்வாறு விளங்கியது.

மருந்தோ அதற்கு முன்பே கிடைத்திருந்தது. தென் அமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820ஆம் ஆண்டு கொயினாவைப் பிரித்தெடுத்தனர். நம் நீலகிரி மலையிலும் 1860களில் அம்மரம் பயிரிடப்பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குளோரோகுயின் என்னும் செயற்கை மருந்து கொயினாவின் இடத்தைப் பிடித்தது. டி.டி.டி. கொசுவைக் கொல்லும், குளோரோகுயின் ஒட்டுண்ணியைக் கொல்லும் என்னும் நம்பிக்கையில், 1955ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் மலேரியாவை உலகினின்றே ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இலங்கையில் 1963ஆம் ஆண்டு 17 பேருக்கு மட்டுமே அந்நோய் காணப்பட்டது. வென்றுவிட்டோம் என்று விழிப்புத் தளர்ந்தபோது, 1969ஆம் ஆண்டில் அதே தீவில் 5 இலட்சத்திற்கும் மேற்பட்டோரை அது மீண்டும் பற்றியது.

கொசுக்கள் டி.டி.டி.க்குப் பழகிவந்தன. 1950களின் இறுதியில் தாய்லாந்து, கம்போடிய எல்லைப் பகுதியிலும் தென் அமெரிக்காவிலும் பால்சிபாரம் ஒட்டுண்ணி குளோரோகுயினுக்கு அடங்காத தன்மை பெற்றது. புதிய மருந்து உடனடியாகத் தேவைப்பட்ட காலம் அது.

பெயரில் ஒரு பாட்டு

தூ யூயூ 1930ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், சீனாவின் கீழ்க்கடற்கரை நகரமாகிய நிங்போவில் பிறந்தார். அவர் தந்தையார் மகளுக்குரிய பெயரைச் சீனத்தின் தொன்மையான பாட்டுத் தொகை நூலாகிய ஷிசிங்கிலிருந்து எடுத்தார். மேயும் மான்கள் எழுப்பும் ஒலியைக் குறிக்கும் சொல்லே ‘யூயூ’. அப்பாட்டின் பிற்பகுதியில் மான்கள் மேயும் செடியின் பெயர் ‘ஹாவ்’ என வருகிறது. உரையாசிரியர்கள் அச்செடியைச் ‘சிங்ஹாவ்’ என்று விளக்கியுள்ளனர். பெயரிட்ட தந்தையாரோ பெயர் பெற்ற குழந்தையோ அச்செடியே வாழ்க்கையாகப் போகிறது என்று அறிந்திருக்க வழியில்லை. இலக்கிய மாணவராகிய நமக்கு இது வியப்பூட்டும் ஒற்றுமையாகும்.

பதினாறாம் அகவையில் அவரைக் காசநோய் பற்றியது. இரண்டு ஆண்டுகள் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. நோய்ப்படுக்கையில் இருந்த அக்காலமே மருத்துவத் துறையை நாடச் செய்தது எனப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். 1951ஆம் ஆண்டு பீக்கிங்கில் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் பிரிவில் சேர்ந்து, 1955ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். புதிதாகத் தொடங்கப்பெற்றிருந்த சீன மரபு மருத்துவ அகாதமியில் பணியில் அமர்ந்தார். நத்தைகளின் வழிப் பரவும் ஒட்டுண்ணி நோய்க்குப் பயன்பட்ட மூலிகையொன்றை ஆராய்ந்தது அவருடைய தொடக்கக்காலப் பணிகளுள் ஒன்று.

1959 முதல் 1962 வரை, மேலை மருத்துவம் பயின்றோர்க்கென நடத்தப்பெற்ற மரபு மருத்துவப் பயிற்சியில் இரண்டரை ஆண்டுகள் பயின்றார். அங்குப் பழைய நூல்களைப் படிக்கும் முறையை அறிந்தார். இரு மருத்துவங்களின் மொழியும் தெரிந்த ஒருவர் இவ்வாறு உருவானார். பிற்காலத்து வெற்றிக்கு வேர் இங்கேதான் ஊன்றியது என்பது நம் கருத்து.

523 திட்டம்

1960களில் வியட்நாமில் போர் மூண்டிருந்தது. காடுகளில் போரிட்ட வீரர்களைக் குண்டுகளினும் மலேரியா மிகுதியாக வாட்டியது. வட வியட்நாம் சீனாவின் உதவியை நாடியது. 1967ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் பீக்கிங்கில் கூடிய கூட்டம், மலேரியாவிற்குப் புதிய மருந்து காணும் கமுக்கத் திட்டத்தைத் தொடங்கியது. கூடிய திங்களும் நாளுமே 523 எனத் திட்டத்தின் பெயராயின.

அக்காலச் சீனாவில் பண்பாட்டுப் புரட்சி என்னும் பெயரால் கற்றறிந்தோர் பலர் அவமதிக்கப்பட்டனர், பல்கலைக்கழகங்கள் முடங்கின. எனினும் போர்த்தேவை கருதி இத்திட்டத்தின் ஆய்வு மட்டும் நடைபெற்றது. நாடெங்கும் 500க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் இதில் ஈடுபட்டனர். அமெரிக்காவிலும் சீனாவிலும் அதற்குள் 2,40,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைச் சோதித்தும் ஏற்ற மருந்து கிட்டவில்லை.

1969ஆம் ஆண்டு சனவரியில், 38 அகவையினரான தூ யூயூ தம் நிறுவனத்தின் ஆய்வுக்குழுவுக்குத் தலைவரானார். நோயை நேரில் அறிவதற்காகத் தெற்கே ஹைனான் தீவுக்கு அனுப்பப்பட்டார். உலோகவியல் பொறியாளராகிய அவர் கணவரும் அப்போது ஊர்ப்புற முகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தார். நான்கு அகவை மூத்த மகளைக் குழந்தைகள் காப்பகத்திலும், இளைய மகளை நிங்போவில் தம் பெற்றோரிடமும் விட்டுச் சென்றார். பல திங்கள் கழித்து அவர் திரும்பியபோது பிள்ளை தாயை அடையாளம் காணவில்லை. அறிவியல் வரலாறுகளில் இத்தகைய இழப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரு வரியே ஒதுக்கப்படுகிறது. அவ்வொரு வரியை நாம் விரைந்து கடந்துவிடலாகாது.

இரண்டாயிரம் குறிப்புகள்

தூ யூயூ தொடங்கிய இடம் நூலகமாகும். பழைய மருத்துவ நூல்களைப் புரட்டினார். மரபு மருத்துவர்களைச் சந்தித்து அவர்தம் அனுபவங்களைக் கேட்டார். மக்கள் எழுதியனுப்பிய வைத்தியக் குறிப்புகளைப் படித்தார். ஏறத்தாழ 2,000 குறிப்புகள் சேர்ந்தன. அவற்றினின்று 640 குறிப்புகளைத் தெரிந்தெடுத்து, 1969ஆம் ஆண்டிலேயே ஒரு கையேடாகத் தொகுத்தார்.

அடுத்துத் தொடங்கியது சோதனை. 1971ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்து, எலிகளுக்கு வரும் மலேரியாவில் குழுவினர் சோதித்திருந்தனர். நம் சமையலறையில் உள்ள மிளகும் அவற்றுள் ஒன்று. அது எலிகளிடத்து நம்பிக்கையூட்டியது. நோயாளரிடத்துப் பயன் தரவில்லை. சிங்ஹாவ் மூலிகையின் சாறு ஒருமுறை ஒட்டுண்ணியை 68 விழுக்காடு அடக்கியது. மீண்டும் செய்தபோது 12 முதல் 40 விழுக்காட்டிற்கு இறங்கியது. ஒரே செடி, ஒரே சோதனை; பயனோ ஒவ்வொரு முறையும் வேறுபட்டது.

இந்நிலையில் இருவகை மனிதர் இருவகை முடிவுக்கு வந்திருப்பர். ‘பழைய நூல் பொய், இச்செடியால் பயனில்லை’ என்று ஒருவர் தள்ளியிருப்பார். ‘முன்னோர் வாக்கு பொய்க்காது, சோதனைதான் தவறு’ என்று மற்றவர் அமைந்திருப்பார். தூ யூயூ இரண்டையும் செய்யவில்லை. மீண்டும் நூலை எடுத்தார்.

ஒரு பிடி இலை

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்பவர், அவசர வேளைகளில் கைக்கொள்ளும் மருந்து முறைகளைத் தொகுத்து ஒரு நூல் செய்தார். சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு செல்லத்தக்கது என்னும் பொருள் தோன்ற அதற்குப் பெயர் அமைந்தது. அதில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு உரைக்கப்பெற்ற பல முறைகளுள் சிங்ஹாவ் பற்றியது மிகச் சிறியது. ஒரு பிடி செடியை நீரில் ஊறவைத்து, பிழிந்து, அச்சாற்றைப் பருக வேண்டும் என்பதே அதன் சாரம்.

இக்குறிப்பில் தூ யூயூ கண்டது எழுதப்படாத ஒரு சொல்லாகும். மூலிகை மருந்து என்றால் காய்ச்சி வடித்தல் சீனத்திலும் வழக்கம். நம் கசாயமும் அவ்வாறே. ஆனால் இங்கு நெருப்பு என்னும் பேச்சே இல்லை. ஊறவைத்தலும் பிழிதலும் மட்டுமே உள்ளன. அவ்வாறாயின், மருந்தாகும் பொருள் சூட்டில் அழிந்துவிடுமோ? இதுகாறும் ஆய்வுக்கூடத்தில் சூடேற்றிச் சாறு எடுத்ததனாலேயே பயன் குன்றியதோ? இந்த ஐயமே திறவுகோலாயிற்று.

நூலில் உள்ளதைப் படிப்பது ஒரு திறன். இருக்க வேண்டியது இல்லாமல் இருப்பதைக் கவனிப்பது அதனினும் நுண்ணிய திறன். எச்சத்தையும் தொகையையும் விரித்துப் பொருள் காணும் நம் உரையாசிரியர்கள் போற்றிய படிப்பு முறையும் இதுவேயன்றோ?

தூ யூயூ முறையை மாற்றினார். ஈதர் என்னும் நீர்மம் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும். அதனைக் கொண்டு குறைந்த சூட்டில் சாறு எடுத்தார். அச்சாற்றில் அமிலத்தன்மை கொண்ட பகுதி, பயனற்றதாகவும் தீங்கு தருவதாகவும் இருந்தமையால் அதனை நீக்கினார். நடுநிலைப் பகுதியை மட்டும் கொண்டார். 1971ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், 191 என்று எண்ணிட்ட மாதிரியைச் சோதித்தபோது, எலிகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணி முற்றிலும் இல்லாது போயிற்று. குரங்குகளிடத்தும் அதே பயன் கிட்டியது.

மற்றுமொரு சிக்கலையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சிங்ஹாவ் என்னும் ஒரே பெயரால் மருந்துக் கடைகளிலும் நூல்களிலும் பல செடிகள் வழங்கின. அவற்றுள் ஆர்ட்டிமீசியா அன்னுவா என்னும் வகையிலேயே மருந்துப்பொருள் போதிய அளவு இருந்தது. அதிலும் தண்டிலன்றி இலையிலேயே இருந்தது. பறிக்கும் பருவமும் விளையும் ஊரும் மாறினால் அளவும் மாறியது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களின் பெயர்களுக்கு இன்றைய செடி இன்னதெனக் காட்ட நாம் படும் பாடு இத்துறையில் உள்ளோர் அறிந்ததே. பெயரைச் செடியோடு பொருத்துதல் வெறும் சொல்லாராய்ச்சி என்று இனி எவரும் எள்ளுதற்கில்லை. பெயர் தவறினால் மருந்தும் தவறும்.

நம் மகளிர் பூச்சரத்தில் சேர்க்கும் மரிக்கொழுந்தும் ஆர்ட்டிமீசியாப் பேரினத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அது வேறு வகை. மலேரியாவுக்கு மருந்தன்று என்பதையும் உடன் சொல்லிவிடுகிறோம்.

தம்மையே சோதித்தவர்

நோயாளருக்குக் கொடுத்துப் பார்க்க மிகுந்த அளவு சாறு தேவைப்பட்டது. தொழிற்சாலைகள் இயங்காமையால், வீட்டுப் புழக்கத்திற்குரிய பெரிய தொட்டிகளில் ஈதரை ஊற்றி இலைகளை ஊறவைத்தனர். காற்றோட்டக் கருவியோ பாதுகாப்பு உடையோ இல்லை. ஈதரின் ஆவியைச் சுவாசித்துப் பலர் நலிந்தனர். தூ யூயூவின் கல்லீரல் பழுதுற்றது.

விலங்குச் சோதனையில் நச்சுத்தன்மை பற்றிய ஐயமும் எழுந்தது. மலேரியா பெருகும் பருவமோ கடந்துகொண்டிருந்தது; இவ்வாண்டு தவறின் அடுத்த ஆண்டே நோயாளரிடம் சோதிக்க இயலும். 1972ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தூ யூயூவும் உடன் பணியாற்றிய இருவரும் மருத்துவமனையில் சேர்ந்து, தாமே முதலில் அச்சாற்றை உட்கொண்டனர். தீங்கு நேரவில்லை. அதன் பின்னரே ஹைனான் சென்று 21 நோயாளருக்கு அளித்தனர். காய்ச்சல் தணிந்தது, இரத்தத்தில் ஒட்டுண்ணி மறைந்தது.

அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் சாற்றிலிருந்து நிறமற்ற படிகமாகத் தூய மருந்துப்பொருள் பிரிக்கப்பெற்றது. சீனத்தில் சிங்ஹாவ்சு என்றும், உலக வழக்கில் ஆர்ட்டிமிசினின் என்றும் இது பெயர் பெற்றது. 1973ஆம் ஆண்டு இதனை மாத்திரையாக்கி அளித்தபோது எதிர்பார்த்த பயன் இல்லை. மருந்தின் குற்றமோ என்று எல்லாரும் கலங்கினர். ஆராய்ந்தபோது, மாத்திரை வயிற்றில் உரியவாறு கரையாமையே காரணம் எனத் தெரிந்தது. அதே பொருளைக் குப்பியில், அஃதாவது கேப்சூலில், அடைத்துக் கொடுத்ததும் நோய் நீங்கியது. ஒரு தோல்வி நேர்ந்தால் அதன் காரணத்தைக் காணும் வரை முடிவுரை எழுதலாகாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மருந்து செயற்படும் முறை

ஆர்ட்டிமிசினின் மூலக்கூறில் 15 கரி, 22 நீரியம், 5 உயிரிய அணுக்கள் உள்ளன. இவற்றுள் இரண்டு உயிரிய அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு பாலம்போல் அமைந்துள்ளன. மருந்தின் ஆற்றல் அப்பாலத்தில் உள்ளது. சிவப்பணுவுள் புகுந்த ஒட்டுண்ணி அங்குள்ள ஈமோகுளோபினைத் தின்று செரிக்கிறது. அதனால் இரும்பு கூறு வெளிப்படுகிறது. அவ்விரும்பு பட்டவுடன் உயிரியப் பாலம் உடைந்து, கடுமையாக வினைபுரியும் துகள்கள் தோன்றி, ஒட்டுண்ணியின் புரதங்களைச் சிதைக்கின்றன. ஒட்டுண்ணி தான் உண்ட உணவாலேயே தன் அழிவைத் தேடிக்கொள்கிறது எனலாம். 

இம்மருந்து பிற மருந்துகளினும் விரைந்து வேலை செய்யும். ஆனால் சில மணி நேரத்திலேயே இரத்தத்தினின்று நீங்கிவிடும். ஆதலின் எஞ்சிய ஒட்டுண்ணிகளை அழிக்க, நெடுநேரம் உடலில் தங்கும் மற்றொரு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கின்றனர். இதனைக் கூட்டு மருந்து முறை என்பர். 2006ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பால்சிபாரம் மலேரியாவுக்கு இக்கூட்டு மருந்தையே முதல் மருந்தாக வகுத்து, ஆர்ட்டிமிசினினைத் தனித்து விற்பதை நிறுத்துமாறு மருந்து நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

ஊர் கூடி இழுத்த தேர்

இவ்வளவு பெரும் பணியை ஒருவரே செய்தார் என்பது உண்மைக்கு மாறாகும். யுன்னான், ஷான்டோங் மாநில ஆய்வாளர்கள் தத்தம் நிலத்துச் செடியிலிருந்து இப்பொருளை மிகுதியாகப் பிரித்தனர். குவாங்சோ நகர மருத்துவர் லி குவோசியாவ் கொடிய பால்சிபாரம் நோயாளரிடத்து இதன் ஆற்றலை நிறுவினார். ஷாங்காய் வேதியியலாளர்கள் மூலக்கூறின் அமைப்பை ஆராய்ந்ததோடு, ஆர்ட்டிமீத்தர் என்னும் வழிப்பொருளையும் ஆக்கினர். குய்லின் நகரில் ஆர்ட்டிசுனேட் உருவாயிற்று. சோ யிசிங்கும் அவர் குழுவினரும் ஆர்ட்டிமீத்தரோடு லூமிபேன்ட்ரினைச் சேர்த்துக் கூட்டு மருந்து அமைத்தனர்.

1977ஆம் ஆண்டு இப்பொருளின் அமைப்பு வெளியிடப்பெற்றபோது கட்டுரையில் தனியொருவர் பெயரும் இல்லை; அக்காலச் சீன மரபு அது. அதனால் உலகம் மருந்தை அறிந்தது. மருந்து கண்டவரை அறியவில்லை. அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் மில்லரும் சூ சின்சுவானும் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து 2011ஆம் ஆண்டு இவ்வரலாற்றை எழுதினர். அவ்வாண்டே தூ யூயூவுக்கு லாஸ்கர் விருதும், 2015ஆம் ஆண்டு நோபெல் பரிசில் சரிபாதியும் கிடைத்தன. சிங்ஹாவை 523 திட்டத்திற்குக் கொணர்ந்தவர், முழுப் பயன் தரும் சாற்றை முதலில் எடுத்தவர், அதனை நோயாளரிடத்து முதலில் சோதித்தவர் என்னும் மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. உடன் உழைத்தோர் சிலர்க்கு இதில் மனக்குறை இருந்ததும் உண்மையே.

அவர் முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர். வெளிநாட்டில் பயின்றவர் அல்லர். பரிசு பெற்றபோது தம் நாட்டு அறிவியல் அகாதமியின் உறுப்பினரும் அல்லர். பட்டங்களின் எண்ணிக்கையால் ஆளை அளக்கும் நம் போன்றோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

இன்றைய இடையூறு

1940களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடிப் பேரை மலேரியா வாட்டிய சீனா, 2021ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. ஒருகாலத்தில் விழிப்புத் தளர்ந்து தோற்ற இலங்கையும் 2016ஆம் ஆண்டு அச்சான்றைப் பெற்றது. எனினும் உலகப் போர் முடிந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 26 கோடிப் பேர் நோயுற்றனர். 5,97,000 பேர் இறந்தனர். இறந்தோருள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

இதற்கிடையே மருந்துக்கே ஊறு வந்துள்ளது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் மேற்குக் கம்போடியாவில், ஆர்ட்டிமிசினின் கொடுத்தும் ஒட்டுண்ணி மெல்லவே மறைவதை மருத்துவர்கள் கண்டனர். பின்னர் ருவாண்டா, உகாண்டா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலும் இத்தன்மை உறுதியாயிற்று. மருந்தைத் தனித்து உட்கொள்ளலும், அரைகுறையாக நிறுத்தலும், போலி மருந்துகளும் இதற்கு வழிகோலுவன. காய்ச்சல் கண்டவுடன் இரத்தப் பரிசோதனை செய்வதும், மருத்துவர் குறித்த நாள் முழுமையும் மருந்து உண்பதும் தன்னலம் மட்டுமல்ல. பிறர்க்கும் மருந்து பயன்படுமாறு காக்கும் கடமையுமாகும். மூலிகைதானே என்று எண்ணி அச்செடியின் இலையைத் தேநீராக்கிக் குடிப்பதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. அதில் மருந்தின் அளவு நிலையாக இராது. குறைந்த அளவு, நோயைத் தீர்க்காமல் ஒட்டுண்ணியைப் பழக்கிவிடும். கொசுவலை, தேங்கிய நீரை அகற்றுதல், 2021இலும் 2023இலும் குழந்தைகளுக்கெனப் பரிந்துரைக்கப்பெற்ற இரு தடுப்பூசிகள் ஆகியன மருந்துக்குத் துணை நிற்பன.

முடிவுரை

நம் வாப்பாவின் தந்தையார் ஊரில் கைவைத்தியம் பார்த்தவர். அரபுத்தமிழில் அவர் எழுதிவைத்திருந்த கைப்பிரதியொன்று வீட்டுப் பரணில் இருந்ததாக மூத்தோர் கூறுவர். வீட்டை இடித்துக் கட்டியபோது அது பழைய தாள்களோடு எடைக்குப் போயிற்று. அதில் அரிய மருந்து இருந்தது என்று நாம் உரிமை கொண்டாட வரவில்லை. ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். இருந்ததா இல்லையா என்று பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது என்பதே நம் வருத்தம். சமுதாயப் பெரியோர்களை நாம் வேண்டுவது இதுதான்: வீட்டிலுள்ள ஓலைச்சுவடியையும் கைப்பிரதியையும் எடைக்குப் போடுமுன், அருகிலுள்ள கல்லூரிக்கோ நூலகத்திற்கோ ஒருமுறை காட்டுங்கள்.

மாணவமணிகளுக்கும் ஒன்று சொல்வோம். எல்லாம் நம் நூல்களிலேயே உள்ளன என்று பெருமை பேசுவதும், அவற்றில் ஒன்றுமில்லை என்று தள்ளுவதும் எளிய செயல்கள். இரண்டுக்கும் நூலைப் படிக்கவே வேண்டியதில்லை. தூ யூயூ படித்தார், ஐயுற்றார், சோதித்தார், பிழைத்த இடத்தில் மீண்டும் படித்தார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மையே. ஏட்டைப் படித்து, விதையைத் தேடி, மண்ணில் ஊன்றி, நீர் வார்த்து, காய்த்தால் கசக்கிறதா என்று கடித்தும் பார்ப்பவருக்கே அது கறியாகும். வினா எழுப்பிய மாணவரிடம் இவ்வரலாற்றைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தவர், கபிலரின் 99 மலர்ப் பெயர்களையும் எழுதித் தருமாறு கேட்டார். தம் துறையின் உலர்செடித் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறாராம். பட்டியலை எழுதிக் கொடுத்துள்ளோம்.